பதக்கப் பட்டியல் போதாது: அலீனெ ரோட்டர்-ஃபோக்கனின் மல்யுத்தப் பயணத்தை ஆட்டம் ஆட்டமாகப் படிக்கும் முறை

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். மாலையில் மல்யுத்தம் பழக வரும் பெண் பிள்ளைகளுக்கு மேட் (மல்யுத்த விரிப்பு) பயிற்சியோடு எழுத்து வேலை ஒன்றும் தருவேன்: உலக அளவில் ஆடிய ஒரு வீராங்கனையை எடுத்துக்கொண்டு, அவர் வாழ்க்கையை நோட்டில் எழுதி வரவேண்டும். முதல் முறை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதி வருவார்கள். தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, பிறந்த ஊர், பிறந்த தேதி. அதைப் படித்தால் அந்தப் பெண் எப்படி மல்லுக்கு நின்றார், யாரிடம் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்று ஒன்றும் தெரியாது. பதக்கம் என்பது முடிவு. வாழ்க்கை ஆட்டங்களில் இருக்கிறது.

ஆகவே ஒரு வீராங்கனையின் பயணத்தை எப்படிப் படிப்பது என்று முழுசாக எழுதிவைக்கிறேன். நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் அலீனெ ரோட்டர்-ஃபோக்கன். பிறந்தது 1991 மே 10, ரைன் ஆற்றங்கரையில் உள்ள கிரேஃபெல்ட் நகரில். பட்டும் வெல்வெட்டும் நெய்து பேர் வாங்கிய ஊர் அது. அப்பாவும் மல்யுத்தக்காரர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 76 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்குக்கு வந்தது 2004-ல். அன்றிலிருந்து டோக்கியோ வரை எந்த ஜெர்மன் பெண்ணும் அதில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை; இவர் வாங்கிய முதல் பதக்கமே தங்கம். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால் 1992 பார்சிலோனாவில் மைக் புல்மான் வென்றதற்குப் பிறகு ஜெர்மனிக்குக் கிடைத்த முதல் மல்யுத்தத் தங்கம்.

இவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் உண்டு. எதிராளிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எடைப்பிரிவு நடுவில் மாறுகிறது, விதிகளும் மாறுகின்றன. படிக்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது.

பெயரில் தொடங்குங்கள்

முதல் சிக்கல் பெயர்தான். திருமணத்துக்கு முன் அவர் அலீனெ ஃபோக்கன். பிறகுதான் ரோட்டர்-ஃபோக்கன். ஒரே பெயரில் தேடினால் பாதி வாழ்க்கை கண்ணில் படாது. 2014, 2017 உலகப் போட்டி முடிவுகளைப் பழைய பெயரிலும், டோக்கியோவைப் புதிய பெயரிலும் தேடுங்கள். பெண் விளையாட்டு வீரர்கள் எல்லாருக்குமே இதை முதலில் செய்யவேண்டும். துருக்கியின் யாசெமின் அதாரும் பிற்காலப் பட்டியல்களில் வேறு குடும்பப் பெயரோடு வருவார்.

தேட நம்பகமான இடங்கள் இரண்டு. ஒன்று, உலக மல்யுத்த அமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் இணையதளம். மற்றொன்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள பயிற்சி அறிவியல் நிறுவனம் தொகுத்த பன்னாட்டு மல்யுத்தத் தரவுத்தளம். பழைய போட்டிகளுக்கு நான் இரண்டாவதைத்தான் நாடுவேன். அங்கே ஒரு பெயரைத் தட்டினால் பதக்கத்தோடு நிற்காமல், யாரோடு எந்தச் சுற்றில் மோதினார், எத்தனை புள்ளி, எப்படி முடிந்தது என்று வரிசையாக வரும்.

யூடியூபில் தேடும்போது மட்டும் கவனம். ஜெர்மனி, பெண், ரெஸ்லிங் என்று தட்டினால் கயிறு கட்டிய மேடையில் நடக்கும் கேளிக்கை மல்யுத்தம்தான் முதலில் வரும். அது தனி உலகம். போட்டியின் பெயர், ஊர், ஆண்டு, எடை நான்கையும் சேர்த்துத் தட்டுங்கள்.

நோட்டில் மூன்று கோடுகள்

நோட்டை எடுத்து இடமிருந்து வலமாகத் தேதி, ஊர், எடை, எதிராளி, புள்ளி, முடிந்த விதம் என்று பத்தி பிரியுங்கள். எழுதத் தொடங்குமுன் மூன்று இடங்களில் குறுக்கே சிவப்புக் கோடு போடவேண்டும். விதி மாறிய இடங்கள் அவை. கோட்டுக்கு மேலே உள்ள புள்ளியையும் கீழே உள்ள புள்ளியையும் ஒப்பிடக்கூடாது.

முதல் கோடு 2013. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒலிம்பிக் செயற்குழு, 2020 முதல் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கின் நிலையான விளையாட்டுகளிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. மல்யுத்த உலகமே அதிர்ந்துபோனது. அமைப்பின் தலைவர் பதவி விலகினார், நெனாத் லாலோவிச் பொறுப்பேற்றார், மே மாதம் மாஸ்கோவில் விதிகளைத் தலைகீழாக மாற்றினார்கள். அதற்குமுன் ஆட்டம் மூன்று தனித்தனிச் சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம், இரண்டு சுற்றை வென்றவர் வெற்றியாளர். புள்ளியே இல்லாமல் சுற்று முடிந்தால் பந்து குலுக்கி எடுத்து, யார் யாருடைய காலைப் பிடித்துத் தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். புதிய விதியில் மூன்று நிமிடம் வீதம் இரண்டு பகுதி, நடுவே முப்பது நொடி இடைவேளை, புள்ளிகள் கடைசிவரை கூடிக்கொண்டே போகும். செப்டம்பரில் புவெனஸ் அயர்ஸ் கூட்டத்தில் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் தன் இடத்தை மீட்டது.

ஃபோக்கன் ஜூனியராக வளர்ந்தது பழைய விதியில். அப்போதைய முடிவுகளில் சுற்றுக்குச் சுற்று தனிப் புள்ளி இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

இரண்டாவது கோடு 2014, எடைப்பிரிவு மாற்றம். இதை அவசரமில்லாமல் பாருங்கள், இவர் கதையின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. 2004 ஏதென்ஸ் முதல் 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நான்கே எடைகள்: 48, 55, 63, 72. அறுபத்து மூன்றுக்கும் எழுபத்து இரண்டுக்கும் நடுவே ஒன்பது கிலோ பள்ளம். இயல்பாக 68, 69 கிலோ இருக்கும் பெண் என்ன செய்வாள்? பட்டினி கிடந்து 63-க்கு இறங்கவேண்டும், இல்லையென்றால் தன்னைவிடக் கனத்தவர்களோடு 72-ல் மோதவேண்டும். 2013-ல் ஏற்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு நடந்த சீர்திருத்தத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக் எடைகள் ஆறாயின. 48, 53, 58, 63, 69, 75. அந்த 69 என்ற ஒற்றை எண் எத்தனையோ பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஃபோக்கன் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் ஒருவர்.

மூன்றாவது கோடு 2018. அப்போது எடைகள் மறுபடி மாறின. கூடவே எடை பார்க்கும் முறையும் மாறியது. அதற்குக் கீழே வருகிறேன்.

தாஷ்கண்ட்டை எழுதுங்கள்

முதல் பெரிய பதிவு 2014 செப்டம்பர், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், உலகச் சாம்பியன்ஷிப், 69 கிலோ. இறுதியில் ஜப்பானின் சாரா தோஷோவை வென்று ஃபோக்கன் உலகச் சாம்பியன் ஆனார். வயது 23.

இங்கே பிள்ளைகள் தங்கம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார்கள். நான் தாவ விடமாட்டேன். எதிராளியின் பெயரைச் சிவப்பில் வட்டமிடச் சொல்வேன். பெண்கள் மல்யுத்தத்தில் ஜப்பான் எவ்வளவு பெரிய மலை என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வெற்றியின் எடை புரியும். சவோரி யோஷிதா, கவோரி இச்சோ போன்றவர்கள் பத்தாண்டுக்கும் மேலாக உலகப் பட்டங்களைக் கையில் வைத்திருந்த நாடு. அந்த நாட்டின் பெண்ணை உலக இறுதியில் ஒரு ஐரோப்பியப் பெண் வெல்வது அபூர்வம்.

இன்னொரு வரியும் சேருங்கள். அதே தாஷ்கண்ட்டில் 75 கிலோ பட்டத்தை வென்றவர் அமெரிக்காவின் அடலீன் கிரே. அவரும் 1991-ல் பிறந்தவர். ஒரே அரங்கில் இருவரும் வெவ்வேறு எடையில் முடிசூடினார்கள். நோட்டின் ஓரத்தில் கிரேயின் பெயரைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

ஒரு எதிராளியைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஒரு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். வட்டமிட்ட பெயரைத் தனிப் பக்கத்தில் எழுதி, இருவர் பாதையும் எங்கே உரசுகிறது என்று பாருங்கள்.

தோஷோ 2014-ல் ஃபோக்கனிடம் தோற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே 69 கிலோவில், லண்டன் ஒலிம்பிக் சாம்பியனாகவே வந்திருந்த ரஷ்யாவின் நடாலியா வோரோபியோவாவை இறுதியில் வீழ்த்தித் தங்கம் வென்றார். அதே ரியோவில், அதே எடையில், ஃபோக்கன் பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2017 பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் இருவரும் மறுபடி இறுதியில் சந்தித்தார்கள். இந்தமுறை தோஷோ வென்றார், ஃபோக்கனுக்கு வெள்ளி.

இந்த நாலு வரியை எழுதி முடித்ததும் பிள்ளைகள் முகம் மாறும். பதக்கப் பட்டியலில் ரியோ என்ற சொல்லே இருக்காது. பதக்கம் இல்லாத போட்டிக்குப் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் உலகச் சாம்பியனாக இருந்தவர், தான் வென்ற எதிராளி ஒலிம்பிக் தங்கத்தைக் கழுத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே உலக இறுதிக்கு வந்து நின்றிருக்கிறார். என் பார்வையில் 2017 வெள்ளி, 2014 தங்கத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. இழந்த இடத்துக்குத் திரும்ப நடந்துவருவது எத்தனை கடினம் என்று மேட்டில் நின்ற எவருக்கும் தெரியும்.

அதனால் தோல்விகளையும் தேடித்தேடி எழுதுங்கள். எந்தச் சுற்றில், யாரிடம், எப்படி. அந்த எதிராளி அடுத்து எதுவரை போனார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

2018: பாதை பிரியும் இடம்

இப்போது மூன்றாவது சிவப்புக் கோட்டுக்கு வாருங்கள். 2018-ல் புதிய ஒலிம்பிக் எடைகள் நடைமுறைக்கு வந்தன: 50, 53, 57, 62, 68, 76. இவர் பட்டம் வென்ற 69 என்ற பிரிவே இல்லாமல் போனது. முன்னால் இரண்டு வழிகள். ஒரு கிலோ இறங்கி 68. அல்லது ஏறி 76.

ஒரு கிலோதானே, 68-க்குப் போயிருக்கலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். இங்கேதான் எடை பார்க்கும் முறை வருகிறது. பழைய முறையில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். எடை குறைத்தவருக்குச் சாப்பிட்டுத் தேற ஒரு இரவு கிடைக்கும். மறுநாள் ஒரே நாளில் எல்லாச் சுற்றும் முடிந்துவிடும். தாஷ்கண்ட் அப்படி நடந்தது. புதிய முறையில் போட்டி இரண்டு நாள். எடை பார்ப்பது போட்டி நாள் காலையில். இறுதிக்கோ வெண்கல ஆட்டத்துக்கோ வந்தவர் இரண்டாம் நாள் காலையிலும் தராசில் ஏறவேண்டும். நீரை வற்றவைத்து எடையைக் குறைத்தவர் சில மணி நேரத்தில் மேட்டில் நிற்கவேண்டும். மறுநாளும் அதே வாதை.

இது எவ்வளவு கொடுமையானது என்று நம் ஊர் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிக்குப் போனபின், இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். அந்தக் காலைப்பொழுதை உருவாக்கியது 2018-ல் வந்த இந்த முறைதான்.

ஃபோக்கன் ஏறும் வழியை எடுத்தார், 76. ஜெர்மனிக்காக டோக்கியோவில் 68-ல் ஆடியவர் அன்னா ஷெல். 76-ல் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: 2012, 2014, 2015, 2018, 2019 என்று ஐந்து முறை உலகச் சாம்பியனான அடலீன் கிரே, 2019 உலக வெள்ளி வென்ற ஜப்பானின் ஹிரோயே மினகவா, துருக்கியின் யாசெமின் அதார், எஸ்தோனியாவின் எப் மாயெ. காலங்காலமாகக் கனத்த பிரிவில் ஊறியவர்கள். அங்கே கீழிருந்து ஏறிப் போகிறவரிடம் கூடுதல் உடல் பலம் இருக்காது. வேகமும் கைப்பிடியும்தான் இருக்கும். ஆனால் காலையில் தராசுக்குப் பயந்து பட்டினி கிடக்கத் தேவையில்லை. வயிறாரச் சாப்பிட்டு, தெளிந்த தலையோடு மேட்டுக்கு வரலாம். இந்த முடிவுதான் தங்கத்துக்கு வழிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் பிள்ளைகள் எடை குறைக்கத் துடிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன். வளரும் பெண் பட்டினி கிடந்து எடை குறைக்கக்கூடாது. மேலே உள்ள பிரிவில் ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

டோக்கியோ: அட்டவணையைப் படிக்கும் விதம்

நகரம் டோக்கியோ என்று சொன்னாலும் மல்யுத்தம் நடந்தது பக்கத்துச் சிபாவில், மகுஹாரி மெஸ்ஸே அரங்கில். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், பார்வையாளர் இல்லாமல், 2021 ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் 76 கிலோ நடந்தது. ரோட்டர்-ஃபோக்கனுக்கு அப்போது முப்பது வயது.

மல்யுத்த அட்டவணை டென்னிஸ் அட்டவணை போலத்தான், ஒரே வித்தியாசம் ரெபசேஜ். தோற்றவர் எல்லாரும் வெளியேறுவதில்லை. யாரிடம் தோற்றீர்களோ அவர் இறுதிக்குப் போனால் உங்களுக்கு வெண்கலத்துக்கு ஒரு வாய்ப்பு திரும்பக் கிடைக்கும். அதனால் வெண்கலம் இரண்டு. டோக்கியோ 76-ல் இதை அழகாகப் பார்க்கலாம். அதார் கிரேயிடம் தோற்றார். கிரே இறுதிக்குப் போனதால் அதார் மறுபடி வந்து, ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பதக்கம் வென்ற முதல் துருக்கியப் பெண் ஆனார். மற்றொரு வெண்கலம் சீனாவின் ஜோ சியானுக்கு. அரையிறுதிவரை வந்த மினகவா வெறுங்கையோடு போனார். தோற்றபின் தன்னைத் தோற்கடித்தவர் ஜெயிக்கவேண்டும் என்று அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருப்பதை வேறு எந்த விளையாட்டிலும் நான் இவ்வளவு கூர்மையாகக் கண்டதில்லை.

ரோட்டர்-ஃபோக்கன் அரையிறுதியில் மினகவாவை 3–1 என்று தாண்டினார். இறுதியில் எதிரே நின்றவர், நீங்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த அடலீன் கிரே. ஏழாண்டுக்கு முன் தாஷ்கண்ட்டில் தனித்தனி எடையில் முடிசூடியவர்கள், களத்துக்கு வெளியே நல்ல தோழிகள், ஒரே எடையில் ஒலிம்பிக் தங்கத்துக்காக நின்றார்கள். 7–3, ரோட்டர்-ஃபோக்கன் வென்றார். அதோடு சர்வதேச மல்யுத்தத்திலிருந்து விடைபெற்றார். கடைசி ஆட்டம், ஒலிம்பிக் தங்கம்.

முடிவுத்தாளில் இந்த ஆட்டத்துக்கு நேரே 3:1 என்றும் இருக்கும். பலர் அதையே புள்ளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தரவரிசைப் புள்ளி. தோள் இரண்டையும் மேட்டில் அழுத்தி வென்றால் 5:0. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்றால் 4:0, அதிலும் தோற்றவர் ஏதாவது எடுத்திருந்தால் 4:1. சாதாரணப் புள்ளி வெற்றி 3:0. தோற்றவரும் புள்ளி எடுத்திருந்தால் 3:1. உங்கள் நோட்டின் 'முடிந்த விதம்' பத்தியில் இதை எழுதுங்கள். பத்து ஆட்டம் எழுதியதும் ஒரு ஆளின் குணம் தெரிய ஆரம்பிக்கும். 5:0, 4:0 என்று நிறைய இருந்தால் முடித்துவைப்பவர். 3:1 நிறைய இருந்தால் பொறுத்திருந்து, எடுத்ததைக் காப்பாற்றத் தெரிந்தவர்.

இறுதி ஆட்டத்தை மூன்று முறை பாருங்கள்

இனி காணொளி. ஒலிம்பிக் அமைப்பின் தளத்தில் தேடுங்கள். ஒரே முறை பார்த்தால் ஆறு நிமிடம் இருவர் கட்டிப் புரள்வது போலத்தான் இருக்கும். நான் மூன்று முறை பார்க்கச் சொல்வேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றை.

முதல் முறை நடுவரை மட்டும். அவர் இடக்கையில் சிவப்புப் பட்டை, வலக்கையில் நீலப் பட்டை இருக்கும். எந்தக் கை உயர்கிறதோ அந்த நிற உடுப்புக்காரருக்குப் புள்ளி. எத்தனை விரல் என்று எண்ணுங்கள். எதிராளியைக் கீழே கொண்டுவந்து பின்பக்கம் ஏறிக் கட்டுப்படுத்தினால் 2. கீழே கிடப்பவரின் இடுப்பைக் கட்டி உருட்டி, முதுகு மேட்டைப் பார்க்கும்படி திருப்பினால் 2. நின்ற நிலையிலிருந்து நேரே முதுகு மேட்டுப் பக்கம் போகும்படி எறிந்தால் 4, உயரத் தூக்கி வளைத்து எறிந்தால் 5. கீழே இருந்தவர் மேலே வந்துவிட்டால் 1. எதிராளியின் கால் வட்டத்துக்கு வெளியே போனால் 1.

இரண்டாவது முறை கால்களை மட்டும். ஆடும் வட்டத்தின் விட்டம் ஒன்பது மீட்டர், அதன் கடைசி ஒரு மீட்டர் ஆரஞ்சு நிறப் பட்டை. யார் நடுவில் நிற்கிறார், யாருடைய குதிகால் ஆரஞ்சைத் தொடுகிறது? மேட்டில் நடுவிடத்தைப் பிடித்தவர் ஆட்டத்தையே பிடித்தவர். ஆரஞ்சில் நிற்பவர் இரண்டு பயத்தோடு ஆடுகிறார்: வெளியே மிதித்தால் ஒரு புள்ளி போகும், பின்வாங்கிக்கொண்டே இருந்தால் நடுவர் எச்சரிப்பார். எச்சரிக்கைக்குப் பின் முப்பது நொடிக் கணக்கு ஓடும். அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. பல பெரிய ஆட்டங்களில் முதல் புள்ளி இப்படித்தான் விழும். புதிதாகப் பார்ப்பவருக்கு, ஒன்றுமே நடக்காமல் புள்ளி வந்ததுபோல் தோன்றும். அந்த முப்பது நொடியில் நிறைய நடந்திருக்கும்.

மூன்றாவது முறை கைகளை மட்டும். என் கண்ணில் மல்யுத்தத்தின் உயிர் இதுதான். யார் யாருடைய மணிக்கட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்? யாருடைய கை மற்றவரின் அக்குளுக்கு அடியில் நுழைந்து தோளைத் தூக்குகிறது? நெற்றி யார் பக்கம் உள்ளே இருக்கிறது? காலைப் பிடிக்கப் பாயும் அந்த ஒரு நொடிக்கு முன்னால் இருபது முப்பது நொடி கைப்போர் நடந்திருக்கும். பாய்ச்சலை மட்டும் பார்க்கிறவர் விளைவைப் பார்க்கிறார். கையைப் பார்க்கிறவர் காரணத்தைப் பார்க்கிறார். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆட்டம் சமனில் முடிந்தால் என்ன என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கூடுதல் நேரம் கிடையாது. ஒரே நகர்வில் அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் விதிமீறலுக்கான எச்சரிக்கை குறைவாக வாங்கியவர். அதுவும் சமம் என்றால் கடைசிப் புள்ளி எடுத்தவர். பயிற்சியாளருக்கு நடுவர் முடிவில் சந்தேகம் வந்தால் மென்மையான பொருளொன்றை மேட்டுக்குள் எறிந்து காணொளியைப் பார்க்கச் சொல்லலாம். சொன்னது தவறு என்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. ஆகவே அந்தப் பொருள் பறக்கும்போது நிறுத்தி, புள்ளிப்பலகையையும் கடிகாரத்தையும் பாருங்கள்.

அடுத்த பக்கம்

இவ்வளவும் முடித்தால் உங்கள் நோட்டில் ஒரு பெண்ணின் பத்தாண்டு இருக்கும். இனி நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதே பத்திகள், அதே மூன்று சிவப்புக் கோடுகள், பெயர் மட்டும் அடலீன் கிரே. டோக்கியோ இறுதியை அவர் பக்கத்திலிருந்து எழுதும்போது வேறு ஆட்டமாகத் தெரியும். ரியோவில் காலிறுதியில் பெலாரஸின் வசிலிசா மர்சாலியுக்கிடம் தோற்றதை எழுதுங்கள். பிறகு 2018, 2019 பட்டங்கள். 2021-க்கு இரண்டு வரி விடுங்கள்: ஆகஸ்டில் சிபாவில் தோழியிடம் தோற்று ஒலிம்பிக் வெள்ளி, அக்டோபரில் ஓஸ்லோவில் ஆறாவது உலகப் பட்டம்.

சாரா தோஷோவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் சொந்த நாட்டு ஒலிம்பிக்கில் 68 கிலோ முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவின் தமைரா மென்சா-ஸ்டாக்கிடம் விழுந்தார். மென்சா-ஸ்டாக் அந்தப் பிரிவின் தங்கத்தை எடுத்துப்போனார். ரோட்டர்-ஃபோக்கன் ஒரு கிலோ இறங்கும் வழியைத் தேர்ந்திருந்தால் அவர் கால்வைத்திருக்க வேண்டிய அட்டவணை அது.